எண்ணெய்க்கு அப்புறம் வளைகுடா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சவுதியின் தம்மாம் நகரில் பதினோரு வருடம் ஒரு கட்டுமான ஒப்பந்த நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். ஊர் திரும்பிய பிறகும் கேள்விகள் விடுவதாக இல்லை. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு மகனோ மருமகனோ இருக்கிறார். மீதிப் பேர் கைப்பேசியில் பார்த்த ஏதாவது ஓர் அதிசயக் கட்டடத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். வளைகுடா என்று நான் சொல்வது, 1981இல் ஒத்துழைப்புக் குழுவாகச் சேர்ந்த ஆறு நாடுகளை: சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன். ஈரானும் ஈராக்கும் இந்தக் கணக்கில் இல்லை.

எண்ணெய் தீரப்போகிறதா? எண்ணெயை விட்டு வேறு தொழில் தேடும் இந்தப் பரபரப்பு அதனால்தானா?

இல்லை. சவுதியின் கையிருப்பு சுமார் 26,000 கோடி பீப்பாய். குவைத்துக்கும், அமீரகத்தின் ஒரு பகுதியான அபுதாபிக்கும் ஆளுக்குச் சுமார் 10,000 கோடி. இப்போது எடுக்கும் வேகத்தில் எடுத்தாலும் பேரன் காலம் வரை வரும். பஹ்ரைன், ஓமன், அமீரகத்தின் இன்னொரு பகுதியான துபாய் மூன்றும் இதற்கு விலக்கு. அவர்களிடம் ஆரம்பத்திலிருந்தே சரக்கு குறைவு.

மற்றவர்களின் பயம் எல்லாம் விலை பற்றியது. 1986இல் ஒரு பீப்பாய் பத்து டாலருக்குப் பக்கத்தில் வந்தது. 1998இலும் அதே கதை. 2008 ஜூலையில் 147 டாலர். 2014 நடுவில் 110க்கு மேல் இருந்தது, 2016 ஜனவரியில் 30க்கும் கீழே போய்விட்டது. மாதாமாதம் ஒரே சம்பளம் கொடுத்தாகவேண்டிய அரசுக்கு வரவு மட்டும் இப்படி ஊஞ்சல் ஆடினால் என்ன ஆகும்? அந்த 2016இல் எங்கள் நிறுவனத்துக்கு மேலிருந்து வரவேண்டிய பில் பணம் வரவில்லை. நாலு மாதம் சம்பளம் இல்லை. கேம்பில் அரிசியும் பருப்பும் பங்கு போட்டுச் சமைத்தோம். கிணற்றில் எண்ணெய் அப்போதும் குறையாமல்தான் இருந்தது.

எண்ணெய் வருவதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள்?

முத்துக் குளித்தார்கள். நம் மன்னார் வளைகுடாவுக்கும் அந்த வளைகுடாவுக்கும் ஒரு காலத்தில் ஒரே தொழில். 1900களின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் முத்துச் சலாபம் நடந்தபோது அரபு முக்குளிப்பாளர்களும் வந்து இறங்கியிருக்கிறார்கள். பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது, கூடவே 1929க்குப் பிந்தைய உலகப் பெருமந்தம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தொழிலே படுத்துவிட்டது. ஒரே சரக்கை நம்பிக் கெட்ட அனுபவம் அந்த மக்களுக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு சுவையான விஷயம்: அங்கே அப்போது ஓடிய பணம் நம் ரூபாய். 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்தது. ஓமனில் 1970 வரை அது புழங்கியது.

'எண்ணெய் அல்லாத துறை பாதிக்கு மேல் வந்துவிட்டது' என்று செய்தி வருகிறதே. அப்படியானால் வெற்றிதானே?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்லவேண்டும்.

அரசு எண்ணெய் விற்று டாலர் வாங்குகிறது. அந்தக் காசில் ஒரு நெடுஞ்சாலை போடச் சொல்கிறது. ஒப்பந்தக்காரர் சிமென்ட் வாங்குகிறார். சிமென்ட் ஆலை லாரி அமர்த்துகிறது. லாரி டிரைவர் ஒரு மலையாளி ஓட்டலில் புரோட்டா சாப்பிடுகிறார். ஓட்டல்காரர் கடைக்கு வாடகை கொடுக்கிறார். சாலை, சிமென்ட், லாரி, புரோட்டா, வாடகை அத்தனையும் புள்ளிவிவரத்தில் 'எண்ணெய் அல்லாத துறை'தான். ஆனால் ஊற்று ஒன்றே ஒன்று. அரசு சாலை வேலையை நிறுத்தினால் ஆறு மாதத்தில் புரோட்டாக் கடை வரை காய்ந்துவிடும். அந்த வரிசையில் இரண்டாவது இடத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு அந்தச் சதவீதத்தின் மேல் பெரிய மரியாதை வருவதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எண்ணெய் விலை விழுந்தால் மொத்தத்தில் எண்ணெயின் பங்கு தானாகவே சுருங்கும், மற்றவற்றின் பங்கு தானாகவே வீங்கும். யாரும் ஒரு துரும்பையும் நகர்த்தாமலே 'பன்முகப் பொருளாதாரம்' வளர்ந்துவிட்டதாகத் தெரியும்.

அதனால் நான் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பேன். வெளிநாட்டுக்கு விற்கும் சரக்கில் எண்ணெயும் எரிவாயுவும் எவ்வளவு? அரசின் வரவில் எவ்வளவு? உள்ளூர்க்காரர்களில் எத்தனை பேர் அரசுச் சம்பளத்தை நம்பாமல் பிழைக்கிறார்கள்? இந்த மூன்றிலும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக. சவுதி அரசின் வரவில் எண்ணெயின் பங்கு 2010களின் தொடக்கத்தில் சுமார் 90% இருந்தது. 2024 வாக்கில் 60% அருகே வந்திருக்கிறது. அதில் பெரிய பகுதி வரியால் வந்த மாற்றம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

துபாய் மட்டும் எப்படித் தப்பித்தது?

எண்ணெய் குறைவாக இருந்ததால்தான். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

1900களின் தொடக்கத்தில் ஈரான் கரையிலிருந்த லிங்கே துறைமுகத்தில் சுங்கவரியை ஏற்றினார்கள். எதிர்க்கரையில் துபாயின் ஷேக் வரியை நீக்கினார். வணிகர்கள் பெட்டி படுக்கையோடு கடல் கடந்து வந்துவிட்டார்கள். துபாயின் தொழில் ரகசியம் முழுக்க இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது: பக்கத்து வீட்டில் தொல்லை வரும்போது நம் வாசலைத் திறந்து வை. பின்னால் லெபனானில் சண்டை, ஈரானில் புரட்சி, குவைத் மீது படையெடுப்பு என்று ஒவ்வொரு முறையும் பணமும் ஆட்களும் துபாய்க்கு வந்தது இதே வழியில்தான்.

ஷேக் ராஷித் துபாயின் கழிமுகத்தைத் தூர்வாரத் தொடங்கியது 1950களின் இறுதியில், குவைத்திடம் கடன் வாங்கி. துபாயில் எண்ணெய் கிடைத்ததோ 1966இல். வரிசையைக் கவனியுங்கள்: துறைமுகம் முதலில், எண்ணெய் பிறகு. 1979இல் ஜெபல் அலி துறைமுகம். பாலைவனத்தில் இவ்வளவு பெரிய துறைமுகம் யாருக்கு என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. 1985இல் அதன் பின்புறம் தடையற்ற வணிக மண்டலம் திறந்தார்கள். நாட்டின் மற்ற இடங்களில் அப்போது உள்ளூர்ப் பங்காளிக்கு 51% கொடுத்தாக வேண்டியிருந்தது. இங்கே முழு நிறுவனமும் வெளிநாட்டுக்காரருக்கே சொந்தமாக இருக்கலாம். அதே ஆண்டு அக்டோபரில் எமிரேட்ஸ் விமானம் கராச்சிக்குப் பறந்தது. விமானங்கள் பாகிஸ்தானிடம் வாடகைக்கு எடுத்தவை.

துபாயின் எண்ணெய் உற்பத்தி 1991 வாக்கில் ஒரு நாளைக்குச் சுமார் நான்கு லட்சம் பீப்பாய் என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டது. இப்போது அதன் பொருளாதாரத்தில் எண்ணெய் ஓரிரு சதவீதம்தான். துறைமுகத் தொழிலை மட்டும் அவர்கள் வெளியூருக்கும் கொண்டுபோனார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் முனையத்தை நடத்துவது துபாயின் டிபி வேர்ல்டு நிறுவனம்தான்.

அதெல்லாம் கடன் வாங்கிக் கட்டியது இல்லையா? 2009இல் துபாய் மூழ்கிவிட்டது என்றார்களே?

மூழ்கப் பார்த்தது. 2002இல் வெளிநாட்டவரும் வீடு வாங்கலாம் என்று திறந்துவிட்டதும் விலைகள் கண்மண் தெரியாமல் ஏறின. கடன் வாங்கி வாங்கிக் கட்டினார்கள். 2009 நவம்பரில் துபாய் வேர்ல்டு என்ற அரசு நிறுவனம் தவணையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கை தூக்கியது. டிசம்பரில் அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துத் தூக்கிவிட்டது. அடுத்த மாதம், 2010 ஜனவரி 4 அன்று, 828 மீட்டர் கோபுரத்தின் திறப்பு விழா. அதுவரை 'புர்ஜ் துபாய்' என்றிருந்த பெயர் அன்று மேடையில் 'புர்ஜ் கலீஃபா' ஆனது. கலீஃபா அப்போதைய அபுதாபி ஆட்சியாளர். எண்ணெய் இல்லாமல் நிற்கிறது என்று சொல்லப்பட்ட ஊர், நெருக்கடியில் எண்ணெய் வைத்திருந்த அண்ணன் வீட்டுக் கதவைத்தான் தட்டியது.

பல நாடுகள் ஏன் அலுமினியம் செய்கின்றன? சவுதியைத் தவிர மற்ற இடங்களில் அதற்கான பாக்சைட் தாது கிடையாதே?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. ஒரு டன் அலுமினியம் எடுக்கச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு அது நான்கரை ஆண்டுக்கு மேல் வரும். எண்ணெயோடு சேர்ந்து வரும் எரிவாயுவை அக்காலத்தில் வெறுமனே கொளுத்திவிடுவார்கள். அந்த வாயுவில் மின்சாரம் எடுத்து, வெளியிலிருந்து கப்பலில் அலுமினா தூளை இறக்கி, உலோகமாக்கி ஏற்றுமதி செய்தால், மின்சாரத்தையே கட்டியாக்கிக் கப்பலில் ஏற்றிய மாதிரி. பஹ்ரைன் 1971இல் தொடங்கியது, துபாய் 1979இல். பஹ்ரைனின் அல்பா ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் டன்னுக்கு மேல் வார்க்கிறது. சவுதியின் ஜுபைல், யன்பு தொழில் நகரங்களின் பெட்ரோ ரசாயன ஆலைகளும் இதே யோசனையில் எழுந்தவை. அடிப்படையில் இதுவும் வாயுவை நம்பிய தொழில்தான். ஆனால் கச்சா எண்ணெயை அப்படியே விற்பதைவிட மேல்.

விவசாயம் செய்து பார்க்கலாமே?

பார்த்தார்கள். 1980களில் சவுதி அரசு உள்ளூர் கோதுமைக்கு உலக விலையைப் போலப் பல மடங்கு கொடுத்தது. பாலைவனத்தில் வட்ட வட்டமாகப் பச்சை வயல்கள். விமானத்திலிருந்து பார்த்தால் பரத்திவைத்த பச்சைத் தோசைகள் மாதிரி இருக்கும். 1990களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆண்டுக்கு 40 லட்சம் டன்னைத் தொட்டது. உலகின் ஆறாவது பெரிய கோதுமை ஏற்றுமதியாளராகச் சவுதி இருந்தது என்றால் இன்று நம்ப மாட்டார்கள். ஆனால் இறைத்த தண்ணீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாறைக்கடியில் தேங்கியது. மழை வந்து அதை நிரப்பப் போவதில்லை. 2008இல் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்து 2016இல் நிறுத்தினார்கள். எண்ணெயைக் கொடுத்து, தண்ணீரையும் கொடுத்து, கடையில் மலிவாகக் கிடைக்கும் கோதுமையை விளைவித்த கதை அது. பால் பண்ணைகளுக்குத் தீவனம் வளர்க்க ஒரு பெரிய சவுதி நிறுவனம் 2014இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கியது.

சவுதியின் 'விஷன் 2030' ஜெயிக்குமா?

எண்ணெயை நம்பாத பொருளாதாரத்துக்கான திட்டம் அது. சவுதி இளவரசர் முகமது பின் சல்மான் 2016 ஏப்ரலில் அறிவித்தார். அதைப் பாதியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

கட்டடப் பாதி ஒன்று. நியோம் என்ற புது நகரப் பகுதி 2017இல் 50,000 கோடி டாலர் திட்டமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் 'தி லைன்' என்று 170 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கோட்டில் ஒரு நகரம். அதன் கண்ணாடிச் சுவரின் உயரம் 500 மீட்டர். 2024இலேயே 2030க்குள் சில கிலோமீட்டர்தான் முடியும் என்று செய்திகள் வந்துவிட்டன. கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு அது முதல் நாளே தெரிந்தது. யார் அங்கே குடிபோவார்கள், என்ன வேலை பார்த்து வாடகை கட்டுவார்கள் என்ற கேள்விக்கு விளம்பரப் படத்தில் பதில் இல்லை.

மனிதர்கள் பாதி இன்னொன்று. இதில் நடந்திருப்பது பெரிய மாற்றம். 2018 ஜூனில் பெண்கள் காரோட்டத் தொடங்கினார்கள். வேலைக்குப் போகும் அல்லது வேலை தேடும் சவுதிப் பெண்கள் 2016இல் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. சில ஆண்டுகளிலேயே மூன்றில் ஒருவரைத் தாண்டிவிட்டார்கள். 2030க்கு வைத்த 30% இலக்கு எப்போதோ கடந்துபோனது. நான் போன புதிதில் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் பெண்ணைப் பார்க்கவே முடியாது. கிளம்பும்போது எங்கள் தெருக் கடையில் கல்லா, கணக்கு இரண்டும் பெண்கள் கையில். அதற்குக் கண்ணாடிச் சுவர் எதுவும் தேவைப்படவில்லை.

பணம் எங்கிருந்து? 2019 டிசம்பரில் அரசு எண்ணெய் நிறுவனமான அரம்கோவின் 1.5% பங்கை விற்று 2,560 கோடி டாலர் திரட்டினார்கள். அப்புறம் வழக்கம்போல எண்ணெயும் கடனும்.

குவைத் இவ்வளவு பணக்கார நாடு, ஏன் துபாய் மாதிரி ஆகவில்லை?

ஆகவேண்டிய அவசியம் இல்லை என்பது ஒரு காரணம். உலகின் முதல் அரசு முதலீட்டு நிதி குவைத்துடையது. 1953இல், சுதந்திரத்துக்கு எட்டு ஆண்டு முன்பே, லண்டனில் தொடங்கியது. 1976இல் 'வருங்காலத் தலைமுறை நிதி' என்று சட்டம் போட்டு வருமானத்தில் பத்து சதவீதத்தை ஒதுக்கினார்கள். 1990இல் ஈராக் உள்ளே புகுந்தபோது நாடே கையில் இல்லை. 600க்கு மேற்பட்ட கிணறுகள் எரிந்தன. அப்போதும் வெளிநாட்டில் போட்ட பணம் அரசை நடத்தியது. இதுவும் ஒருவகைப் பன்முகம்தான், தொழிலாக இல்லாமல் வட்டியாக.

இன்னொரு காரணம், வேலைபார்க்கும் குவைத்திகளில் ஐந்தில் நான்கு பேர் அரசுச் சம்பளக்காரர்கள். நாடாளுமன்றமும் அரசும் இழுத்த இழுப்பில் பல திட்டங்கள் காகிதத்திலேயே நின்றன. 2024 மே மாதம் அமீர் நாடாளுமன்றத்தைக் கலைத்து, நான்கு ஆண்டு வரை நிறுத்திவைத்தார்.

கத்தார்?

எண்ணெயிலிருந்து வாயுவுக்கு மாறியது. ஆண்டுக்கு 7.7 கோடி டன் திரவ எரிவாயு, அதை 14.2 கோடியாக்கும் திட்டம். சட்டைப்பை மாறியதே தவிர சட்டை அதேதான். 2017இல் பக்கத்து நாடுகள் எல்லையை மூடியபோது பால் கூட வரவில்லை. விமானத்தில் பசுக்களைக் கொண்டுவந்து பண்ணை வைத்தார்கள். சில மாதங்களில் சொந்தப் பால். அவசரம் வந்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

பஹ்ரைனும் ஓமனும்?

வளைகுடாவின் அரபுக் கரையில் முதலில் எண்ணெய் கண்டது பஹ்ரைன், 1932இல். முதலில் குறையும் என்று தெரிந்ததும் அவர்களுக்கே. பெய்ரூட்டில் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1975இல் வெளிநாட்டு வங்கிகளுக்குக் கதவு திறந்தார்கள். அலுமினியம், வங்கி, சவுதிக்குப் பாலம் என்று எல்லாம் செய்தும், அரசின் வரவில் பெரும்பகுதி இன்றும் சவுதியோடு பங்கிடும் அபு சஃபா வயலின் எண்ணெயிலிருந்துதான். 2018இல் மூன்று பக்கத்து நாடுகள் 1,000 கோடி டாலர் உதவி அறிவித்தன.

ஓமன் அமைதியாகத் துணிந்த நாடு. 2028 ஜனவரி முதல், ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு 5% வருமான வரி. தனிமனித வருமான வரி வளைகுடாவில் இதுவே முதல் முறை. நம் ஆட்கள் பயப்படவேண்டாம். அந்த வரம்பு நம்மில் மிகச் சிலருக்குத்தான் எட்டும்.

'வரியில்லா நாடு' என்பது பழைய கதையா?

ஆமாம். 2018இல் சவுதியும் அமீரகமும் 5% மதிப்புக்கூட்டு வரி கொண்டுவந்தன. சவுதி அதை 2020 ஜூலையில் ஒரே தாவலில் 15% ஆக்கியது. பஹ்ரைன் இப்போது 10%, ஓமன் 5%. குவைத்திலும் கத்தாரிலும் இன்னும் இல்லை. அமீரகத்தில் 2023 ஜூன் முதல் நிறுவன லாபத்துக்கு 9%.

நம் குடும்பங்களைத் தாக்கியது வேறு. சவுதியில் உடன் வசிக்கும் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் என்று 2017இல் தொடங்கி, ஆண்டுக்கு நூறு ஏற்றி, 2020இல் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200. குடும்பங்களை ஊருக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் மறுபடி பேச்சிலர் அறைக்குப் போனார்கள். குடும்பங்கள் காலி செய்த தெருக்களில் வீட்டு வாடகை விழுந்தது, கடைகள் மூடின. வசூலித்த வரிக்கும் இழந்த வியாபாரத்துக்கும் யாராவது ஐந்தொகை போட்டிருப்பார்களா என்று நான் யோசிப்பதுண்டு.

உள்ளூர் ஆட்களுக்கே வேலை என்றால் நம் பிள்ளைகளுக்கு இடம் இருக்குமா?

இருக்கும், இடம் மாறும். சவுதி 2011இல் கொண்டுவந்த நிதாகத் முறையில் நிறுவனங்களுக்கு நிறம் கொடுத்தார்கள். போதுமான சவுதிகள் இருந்தால் பச்சை. சிவப்பில் விழுந்தால் வெளிநாட்டு ஆட்களின் இக்காமாவை, அதாவது குடியிருப்பு அனுமதியை, புதுப்பிக்க முடியாது. 2016இல் கைப்பேசிக் கடை வேலை முழுக்கச் சவுதிகளுக்கே என்றார்கள். தமிழர், மலையாளிகள் எத்தனையோ பேர் ஒரே வருடத்தில் கடையைக் காலி செய்தார்கள். அமீரகத்தில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் திறன்சார்ந்த வேலைகளில் ஆண்டுக்கு 2% அமீரகத்தவரைச் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

சிக்கலின் முடிச்சு சம்பளத்தில் இருக்கிறது. ஒரு சவுதியை நிதாகத் கணக்கில் முழு ஆளாகக் காட்ட 4,000 ரியால் கொடுக்கவேண்டும். வெளிநாட்டுக்காரர் 1,500க்கு வருவார், கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, விடாமல் வேறிடம் போகவும் மாட்டார். எந்த முதலாளி முன்னவரை எடுப்பார்? அதனால் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வேலை மாறும் உரிமை கொடுப்பது மனிதாபிமானம் மட்டுமல்ல, உள்ளூர்க்காரருக்கு வேலை கிடைக்கவும் அதுவே வழி. கத்தார் 2020இலும் சவுதி 2021இலும் இதைத் தளர்த்தின. சவுதியின் தளர்வில் வீட்டு வேலைக்காரர்களையும் வீட்டு டிரைவர்களையும் சேர்க்கவில்லை.

கடை, கல்லா, அலுவலக உதவியாளர் வேலையெல்லாம் சுருங்குகிறது. வெல்டிங், ஏசி பராமரிப்பு, நர்சிங், மென்பொருள் ஆகியவற்றுக்குத் தேவை இருக்கிறது. பையன் பத்தாம் வகுப்பாவது தேறியிருக்கட்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை முத்திரை விழும், வேலைக்குக் கிளம்பத் தனியாக அரசு அனுமதி வாங்கவேண்டும். எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், 'ஃப்ரீ விசா' என்று எவராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சட்டத்தில் அப்படி ஒரு விசாவே கிடையாது.

ரியால், திர்ஹம் மதிப்பு விழுந்துவிடுமா?

சவுதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75. திர்ஹம் 1997 முதல் 3.6725. எண்ணெய் விலை எவ்வளவு விழுந்தபோதும் இதை விடவில்லை. நாணயத்தைக் குறைக்காமல் செலவைக் குறைப்பார்கள். அடி விழுவது வேலையின் மேல், அனுப்பும் பணத்தின் மதிப்பின் மேல் அல்ல.

நமக்கு வரும் பணத்தில் வளைகுடாவின் பங்கு குறைகிறதா?

குறைகிறது. ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பில், இந்தியாவுக்கு வரும் பணத்தில் ஆறு நாடுகளின் பங்கு 2016-17இல் சுமார் 47%, 2023-24இல் சுமார் 38%. அமெரிக்கா முதலிடம் போய்விட்டது.

கடைசியாக, எண்ணெய் விலை ஏறுவது நமக்கு நல்லதா கெட்டதா?

இந்தியா தன் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது என்பதால் நாட்டுக்குக் கெட்டது. வீட்டுக்கு வீடு பதில் மாறும். என் அக்காவின் மூத்த மகன் ஜுபைலில் பைப் ஃபிட்டர், இளையவன் ஊரில் வாடகைக் கார் ஓட்டுகிறான். விலை ஏறினால் பெரியவனுக்கு ஓவர்டைம், சின்னவனுக்கு டீசல் செலவு. அக்கா இருவரிடமும் ஒரே நாளில் போனில் பேசிவிட்டு என்னைத்தான் கேட்பாள், 'ஏறியிருக்கா இறங்கியிருக்காடா?' என்று.